அடுத்த கட்டில் ஆசான்கள்

என் குரல் சற்றே கரகரத்து ஒலிப்பதை இதற்குள் நீங்கள் உணர்ந்திருக்கக் கூடும். உங்கள் வானொலிப் பெட்டியில் பழுது ஒன்றும் இல்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் ஓங்கி ஒலித்து, 2016ஆம் ஆண்டில் ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியரின் குரல் இது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என் கழுத்திலிருந்த தைராய்டு சுரப்பியை அறுவை மருத்துவர்கள் முழுவதுமாக அகற்றினார்கள். அதன்பின் நான்கு திங்கள் காலம் இக்குரல் என்னை விட்டுப் பிரிந்திருந்தது. திரும்பி வந்தபோது இந்தக் கரகரப்பையும் உடன் அழைத்து வந்தது. அந்த நோயிலிருந்து நான் எவ்வாறு தேறினேன், அதற்குத் துணை நின்றவர் யாவர் என்பதை இன்று உங்களுக்குக் கூற விழைகின்றேன். துணை நின்றவருள் முதல்வர் மருத்துவர், அதில் ஐயமில்லை. அவருக்கு அடுத்து நின்றவர்கள், என்னைப் போலவே கழுத்தில் கட்டுடன் படுத்திருந்த நோயாளர்கள். அவர்கள் செய்த உதவி எத்தகையது, அதன் எல்லை எது என்பதே இப்பேச்சின் பொருள்.

முதலில் சுரப்பியை அறிந்துகொள்வோம். உங்கள் விரலைக் குரல்வளை மேட்டின் மீது வைத்துச் சற்றுக் கீழே இறக்குங்கள். அங்கே மூச்சுக்குழலின் முன்புறத்தைத் தழுவிக்கொண்டு, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியின் வடிவில் அமைந்திருப்பது தைராய்டு சுரப்பி. வளர்ந்தவர்களுக்கு அதன் எடை ஏறத்தாழ 20 கிராம். உணவின் வழியாக வரும் அயோடினைக் கொண்டு தைராக்சின் என்னும் ஹார்மோனை அது ஆக்கிக் குருதியில் விடுகிறது. அடுப்பின் தீயைக் கூட்டியும் குறைத்தும் சமையலை நடத்தும் கைபோல, உயிரணுக்கள் எவ்வளவு விரைவாக வேலை செய்ய வேண்டும் என்பதை அந்த ஹார்மோன் வகுக்கிறது. அது மிகுந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், உடல் மெலியும். குறைந்தால் சோர்வும் மறதியும் வந்து சேரும், முகம் ஊதும், வெயிற்காலத்திலும் குளிரும். குழந்தைப் பருவத்தில் குறையுமானால் உடல் வளர்ச்சியோடு அறிவு வளர்ச்சியும் தடைப்படும்.

ஒரு நாள் காலையில் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது என் கழுத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டியைக் கண்டேன். எச்சிலை விழுங்கினால் அது மேலே ஏறி இறங்கியது. தைராய்டு குரல்வளையோடு பிணைந்திருப்பதால், அதில் தோன்றும் வீக்கம் விழுங்கும்போது அசையும். ஒலியலைப் படமும் ஊசி வழிச் சோதனையும் நடந்தன. பாப்பிலரி என்னும் வகையைச் சேர்ந்த புற்றுநோய் என்று முடிவு வந்தது. "இந்த வகை பெரும்பாலும் மெதுவாக வளர்வது, உரிய சிகிச்சை பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் நெடுநாள் வாழ்கிறார்கள்" என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். புற்று என்னும் ஒரு சொல்லுக்குப் பின் வந்த சொற்கள் எவையும் என் செவியில் ஏறவில்லை. அறுவையால் குரலுக்கு ஊறு நேரக்கூடும் என்ற ஒன்று மட்டும் ஏறியது. குரலால் வாழ்ந்தவனுக்கு அதைவிடப் பெரிய அச்சம் எது?

சென்னையில் ஒரு மருத்துவமனையில் அறுவை நடந்தது. எனக்கு அடுத்த கட்டிலில் இருந்தவர் ஒரு பேருந்து நடத்துநர்; நாற்பது வயதிருக்கும். எனக்கு நான்கு நாள் முன்னதாக அதே அறுவையைச் செய்துகொண்டவர். அவருக்கும் குரலே பிழைப்பு. அவர் கழுத்தின் கட்டைக் கண்டதும் நான் முதலில் கேட்டது, "தம்பி, பேச்சு வருகிறதா?" என்பதுதான். "வருகிறது ஐயா, டிக்கெட் கேட்கும் அளவுக்கு வரவில்லை. உங்களோடு பேசும் அளவுக்கு வருகிறது" என்றார் அவர். அறுவைக்கு முந்திய இரவில் எனக்கு உறக்கம் தந்தது அந்த விடைதான்.

அறுவை முடிந்த இரண்டாம் நாள் இரவு. என் விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போன்ற ஓர் உணர்ச்சி தோன்றியது. கையைத் தலைக்கடியில் வைத்துப் படுத்ததால் வந்ததென்று எண்ணி விரல்களைத் தேய்த்துக்கொண்டேன். நள்ளிரவில் செவிலியரை எழுப்புவானேன் என்று வாளாவிருந்தேன். அடுத்த கட்டிலார் விழித்துக்கொண்டார். "ஐயா, உதட்டைச் சுற்றியும் அப்படி இருக்கிறதா?" என்றார். இருந்தது. "எனக்கும் இரண்டாம் நாள் இப்படித்தான் வந்தது. காலை வரை பொறுக்கக் கூடாது" என்று சொல்லி, நான் தடுத்தும் கேளாமல் மணியை அழுத்தினார். செவிலியர் ஓடி வந்தார். குருதியைச் சோதித்ததில் கால்சியம் மிகவும் குறைந்திருந்தது. உடனே நரம்பு ஊசி வழியாகக் கால்சியம் மெல்ல மெல்லச் செலுத்தப்பட்டது. விடிவதற்குள் எறும்புகள் அகன்றன.

இதன் காரணத்தைக் கேளுங்கள். தைராய்டின் பின்புறத்தில், பெரும்பாலோர்க்கு நான்காக, அரிசிமணி அளவுள்ள சிறு சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இவை பாராதைராய்டு எனப்படும். மனித உடலில் இவை இருப்பதை 1880ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டில் மருத்துவ மாணவராக இருந்த ஈவார் சாண்ட்ஸ்ட்ரோம் என்பவர் எழுதி வெளியிட்டார். குருதியில் கால்சியத்தின் அளவைக் காப்பது இவற்றின் பணி. தைராய்டை அகற்றும்போது இவற்றை எவ்வளவு கவனமாகக் காத்தாலும், இவற்றுக்குச் செல்லும் குருதி ஓட்டம் சிறிது காலம் தளர்வதுண்டு. அப்போது கால்சியம் தாழும். விரலும் உதடும் கூசும். கவனியாது விட்டால் கைகால்கள் இசிவு கொள்ளும். பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் இந்நிலை சீராகும். அதுவரை கால்சியமும் வைட்டமின் 'டி' மருந்தும் உட்கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் அறுவைக்கு முன்னரே மருத்துவர் எனக்குச் சொல்லியிருந்தார். சொல்லியது மெய், நான் கற்றுக்கொள்ளாததும் மெய். "கால்சியம் குறைந்தால் உணர்வு மாறுபாடு தோன்றும்" என்பது பாடம். "எறும்பு ஊர்வது போல் இருக்கும், கை மரத்ததென்று எண்ணி ஏமாந்துவிடாதே" என்பது பட்டறிந்தவர் தரும் விளக்கம். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு முதல் மாதமே கற்பித்த விதி ஒன்றுண்டு: தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க. அவ்விதியை என் நடத்துநர் எக்கல்லூரியிலும் படித்தவரல்லர். அவர் தம் விரலிலிருந்து என் விரலுக்கு வந்தார்.

நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருந்தான். மூத்த மாணவனாகிய அவன் இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பான். 1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்க்கான பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரு பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு, அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பித்தார். 1797ஆம் ஆண்டில் அவர் அதைப் பற்றி நூல் வெளியிட்ட பின்னர் இங்கிலாந்தில் அது 'சென்னை முறை' என்று பெயர் பெற்றுப் பரவியது. இந்த வரலாற்றை நான் எத்தனையோ பயிற்சி ஆசிரியர்களுக்கு எடுத்துரைத்திருக்கிறேன். அதன் பொருளை மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபோதுதான் உணர்ந்தேன். நேற்றுக் கற்றவனுக்கு, இன்று கற்பவன் இடறும் இடம் மறந்திருக்காது. அதுவே சட்டாம்பிள்ளையின் வலிமை.

கால்சியம் சீரானது. குரல் சீராகவில்லை. குரல் நாண்களை அசைக்கும் நரம்பு இருபுறமும் ஒன்றாக இரண்டு உண்டு. அவை செல்லும் வழி விந்தையானது. கழுத்தைக் கடந்து கீழே இறங்கி, இடப்புற நரம்பு இதயத்தினின்று எழும் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டும், வலப்புற நரம்பு தோள்பட்டைக்குச் செல்லும் தமனியைச் சுற்றிக்கொண்டும் மீண்டும் மேலேறிக் குரல்வளையை அடைகின்றன. ஏறும் வழியில் தைராய்டின் பின்புறத்தை உரசிச் செல்கின்றன. நரம்பு அறுபடாமல் இருந்தும், சிறிது இழுபட்டாலே போதும். குரல் நாண் சில காலம் வேலை நிறுத்தம் செய்துவிடும். என் இடப்புற நாண் அசைவற்றுக் கிடந்தது. இரு நாண்களும் சேராத இடைவெளியில் மூச்சு வீணே கசிந்தது. நான்கு சொல் பேசுமுன் காற்றுத் தீர்ந்துவிடும். தொலைபேசியில் பேசினால் மறுமுனையில் இருப்பவர், "யார்? யார்?" என்பார். சில நாளில் நான் தொலைபேசியை எடுப்பதையே விட்டுவிட்டேன்.

பேச்சுப் பயிற்சியாளர் எனக்குச் சில பயிற்சிகளைத் தந்தார். கிசுகிசுத்துப் பேசுவதும் கத்திப் பேசுவதும் ஆகாது. மூச்சை அளந்து, இயல்பான குரலில், சிறிது சிறிதாக உரக்கப் படிக்க வேண்டும். தனியே அமர்ந்து அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. வெளிவந்த ஒலி என்னை நாணச் செய்தது. இதை எவ்வாறோ அறிந்த நடத்துநர், வேலைக்குத் திரும்பிய பிறகு, ஒவ்வொரு ஞாயிறு மாலையும் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, என் வண்டித் தடத்தின் நிறுத்தங்களை ஒரே மூச்சில் சொல்லுங்கள். எந்த நிறுத்தத்தில் மூச்சு நிற்கிறதோ அங்கே இறங்கிக்கொள்ளலாம்" என்றார். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், மீனம்பாக்கம், கிண்டி, சைதாப்பேட்டை, தேனாம்பேட்டை, பாரிமுனை. முதல் ஞாயிறு பல்லாவரத்திலேயே இறங்கிவிட்டேன். அடுத்த ஞாயிறும் பல்லாவரம்தான். மூன்றாம் ஞாயிறு மீனம்பாக்கத்தை எட்டினேன். பல்லாயிரம் மாணவர்க்கு மதிப்பெண் இட்ட நான், ஒரு நிறுத்தம் கூடியதற்காக மனைவியை அழைத்துச் சொன்னேன்.

இனி மாத்திரைக்கு வருவோம். சுரப்பி இல்லாதவனுக்கு அதன் வேலையைச் செய்வது காலையில் விழுங்கும் தைராக்சின் மாத்திரை. வெறும் வயிற்றில் தண்ணீரோடு உட்கொண்டு, அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை காப்பியோ உணவோ அருந்தாமல் இருக்க வேண்டும். கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. இல்லாவிட்டால் கால்சியம் அதைக் குடலில் பிடித்துவைத்துக்கொள்ளும். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் சந்தித்த அங்கன்வாடிப் பணியாளர் அம்மையார் ஒருவர், மாத்திரைப் புட்டியைத் தலையணைக்கு அருகில் தண்ணீர்ச் செம்போடு வைத்துக்கொண்டால் மறவாது என்று எனக்குக் கற்பித்தார். பல் துலக்கும் முன் மாத்திரை. அப்புறம் வீடு பெருக்கி, வாசல் தெளித்து, பிறகு காப்பி என்று ஆறாண்டுகளாக அவர் நடத்திவரும் ஒழுங்கு, அச்சிட்ட தாள் எதிலும் இல்லாதது.

அதே தாழ்வாரத்தில் மற்றொருவரையும் கண்டேன். சித்திரை வெயிலில் கம்பளி போர்த்தியிருந்தார். முகம் ஊதியிருந்தது, சொற்கள் ஒவ்வொன்றாக இழுபட்டு வந்தன. அவர் ஒரு மளிகை வணிகர். அறுவை நடந்து ஈராண்டு கழிந்து உடல் நலமாக இருந்ததால், இனி மாத்திரை எதற்கு என்று அண்டை வீட்டார் ஒருவர் சொல்ல, அதை நிறுத்தி மூன்று திங்கள் ஆயிற்றாம். "நலமாக இருந்தது மாத்திரையால்தான் என்று எனக்குத் தோன்றவில்லையே, ஐயா" என்றார்.

அவர் நிலை மருத்துவ உலகம் ஒரு காலத்தில் பெருவிலை கொடுத்துக் கற்ற பாடம். சுவிட்சர்லாந்து நாட்டுப் பெர்ன் நகரத்தில் தியோடர் கோக்கர் என்னும் அறுவை மருத்துவர் இருந்தார். குருதிப்பெருக்கால் பலர் மாண்ட தைராய்டு அறுவையைத் தம் பொறுமையாலும் தூய்மையாலும் அச்சமின்றிச் செய்யத்தக்கதாக ஆக்கியவர் அவர். 1883ஆம் ஆண்டில், தாம் முன்பு அறுவை செய்தவர்களை மீண்டும் அழைத்துப் பார்த்தார். சுரப்பி முழுவதையும் இழந்தவர்களுள் பெரும்பாலோர் முகம் ஊதி, சொல் தளர்ந்து, அறிவு மந்தமுற்று நின்றார்கள். கத்தி வெற்றி பெற்றது, மனிதர் நலிந்தனர். கோக்கர் அதை மறைக்காமல் மருத்துவர் அவையில் எடுத்துரைத்தார். சுரப்பியின் பணி யாது என்பதை உலகம் அறிய அது பெரிதும் உதவியது. 1909ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. இதற்கிடையே 1891ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரி என்னும் மருத்துவர், தைராய்டு குறைவால் நலிந்த ஒரு பெண்மணிக்குச் செம்மறியாட்டின் தைராய்டுச் சாற்றைச் செலுத்தினார். அவர் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எட்வர்டு கெண்டல் தைராக்சினைத் தனியே பிரித்தெடுத்தார். இன்று அது செயற்கையாக ஆக்கப்பட்டு ஒரு சிறு மாத்திரையில் அடங்குகிறது. அந்த மாத்திரையைத்தான் வணிகர் நிறுத்திவிட்டார்.

ஆகவே உடன்நோயாளர் துணைக்கு ஓர் எல்லை உண்டு. எறும்பு ஊர்வது எப்படி இருக்கும் என்று அவர் சொல்லலாம். மருத்துவரிடம் கேட்க அஞ்சிய வினாவைக் கேட்கத் துணிவு தரலாம். மருந்தின் அளவை அவர் சொல்லலாகாது. தைராக்சினின் அளவு உடலின் எடைக்கு ஏற்ப, ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம் என்ற கணக்கில் தொடங்கி, குருதிச் சோதனையைக் கண்டு திருத்தப்படுவது. நடத்துநரின் மாத்திரை எனக்கு ஆகாது; என் மாத்திரை அவருக்கு ஆகாது. சட்டாம்பிள்ளை வாய்ப்பாடு சொல்லித் தரலாம். தேர்வுத் தாளைத் திருத்தலாமா?

அவ்வாண்டு வைகாசியில் எனக்குக் கதிரியக்க அயோடின் சிகிச்சை நடந்தது. அறுவைக்குப் பின்னும் எஞ்சியிருக்கக்கூடிய தைராய்டு அணுக்கள் அயோடினை உறிஞ்சும் இயல்புடையவை. கதிர்வீசும் அயோடினை உட்கொண்டால், அவ்வணுக்கள் அதை விரும்பி ஏற்று அதனாலேயே அழியும். அதற்கு முன் சில வாரம் தைராக்சினை மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்தினார்கள்; அயோடின் சேர்ந்த உப்பும் மீனும் முட்டையும் பாலும் தயிரும் விலக்கினார்கள். நானும் அந்த வணிகரைப் போலக் குளிர்ந்து, மந்தித்து, சொல் மறந்து போனேன். மீனம்பாக்கம் தாண்டிக் கிண்டி வரை சென்றிருந்தவன் மீண்டும் பல்லாவரத்தில் இறங்கினேன்.

மருந்தை விழுங்கிய பின் மூன்று நாள் தனியறை. உடலே கதிர் வீசுவதால் எவரும் அருகில் வரலாகாது. அங்கன்வாடி அம்மையார் முன்னதாகவே சொல்லியிருந்தார்: நிறையத் தண்ணீர் குடியுங்கள், பழைய உடையையே கொண்டு செல்லுங்கள், எலுமிச்சை மிட்டாய் வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள், திரும்பக் கொண்டுவர முடியாமற் போனாலும் வருந்தாத ஒரு புத்தகத்தை எடுத்துச் செல்லுங்கள். அவர் சொன்ன ஒவ்வொன்றும் அவ்வறையில் எனக்குத் துணையாயிற்று. உடன் எவரும் இல்லாத இடத்தில், முன்பு அங்கே இருந்து மீண்ட ஒருவரின் சொல் உடனிருந்தது.

மாத்திரை மீண்டும் தொடங்கியது. குரலும் தொடர்ந்தது. ஆனித் திங்களின் ஒரு ஞாயிறு மாலை, ஒரே மூச்சில் பாரிமுனையைச் சேர்ந்தேன். மறுமுனையில் நடத்துநர் சீழ்க்கை ஊதினார்.

சில திங்களுக்குப் பின் அதே தாழ்வாரத்தில் ஒரு கல்லூரி மாணவியைக் கண்டேன். மறுவாரம் அவளுக்கு அறுவை. தேர்வு என்னாகுமோ என்று ஓர் அச்சம். கழுத்தில் தழும்பு நிற்குமே என்று ஓர் அச்சம். உறவினர் பேசும் பேச்சு அவற்றினும் பெரிய அச்சம். நான் மேல்துண்டை விலக்கி என் கழுத்தைக் காட்டினேன். தோல் மடிப்போடு கலந்த ஒரு மெல்லிய கோடு. "இவ்வளவுதானா, ஐயா?" என்றாள். "இவ்வளவுதான், அம்மா. ஆனால் இரண்டாம் நாள் விரலில் எறும்பு ஊர்ந்தால் காலை வரை பொறுக்காதே, மணியை அழுத்து" என்றேன். அடுத்த முறை அவளைக் கண்டபோது, கழுத்தை மறைக்காமல் அமர்ந்து, வேறொரு பெண்ணுக்கு அதே எறும்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாணவ நண்பர்களே, உங்கள் வகுப்பிலும் நோயுற்றுத் திரும்பும் தோழன் ஒருவன் இருப்பான். அவனுக்கு அறிவுரை கூற விரையாதீர்கள், அருகில் அமருங்கள். நீங்கள் பட்டறிந்தது ஏதேனும் இருந்தால், பட்டவாறே சொல்லுங்கள். அறியாததை மருத்துவரிடம் கேட்குமாறு சொல்லி, வேண்டுமானால் உடன் செல்லுங்கள். கடினமான வழியைக் கடந்தவர், பின்னால் வருபவருக்கு இடறும் கல்லைக் காட்டாமல் போவது கற்றவர்க்கு அழகன்று.

என் நடத்துநர் தம்பி இன்று பணிமுறை மாற்றிக்கொண்டு இப்பேச்சைக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு ஒரு சொல்: பாரிமுனை வந்துவிட்டது, தம்பி, நான் இறங்கிக்கொள்கிறேன்.